மூன்று மீட்டர் விமானம், பத்தடி அறை: கான்கார்டா, டியூ-144ஆ, ஜம்போவா, ஏ380ஆ?

வடசென்னையில் விமானப் பிரியர்கள் சேர்ந்து ஒரு பெரிய மாதிரி விமானம் செய்து படிப்பகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வைக்க நினைத்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு நான்கு பெயர்களில் வந்து நிற்கும். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு. அதற்கு முன்பே வானேறிய சோவியத் யூனியனின் டுபோலெவ் டியூ-144. ஜம்போ என்று ஊரே செல்லமாகச் சொன்ன போயிங் 747. இரண்டு மாடி ஏர்பஸ் ஏ380. நான்குக்கும் உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் உண்டு. எது பிடிக்கும் என்று வாக்கெடுத்தால் முடிவே வராது. எது நம் அறையில் அடங்கும், எதை நம் கைவேலைக்காரர்கள் சரியாகச் செய்வார்கள், பார்ப்பவர் நிற்கும் இடத்திலிருந்து எது தன்னைக் காட்டிக்கொள்ளும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் வந்துவிடும்.

அளவை 1:20, அதாவது உண்மையில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல், கதவு, சக்கரம் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் பொது இடத்துக்கு இதைவிடச் சின்னது சரிவராது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் படிப்பக அறை பத்துக்குப் பதினான்கு அடி இருந்தாலே பெரிது. அதாவது 3.05 மீட்டருக்கு 4.27 மீட்டர்.

கான்கார்டின் நீளம் 61.66 மீட்டர், இறக்கை அகலம் 25.6 மீட்டர். மாதிரியில் 3.08 மீட்டருக்கு 1.28 மீட்டர். டியூ-144 சற்றே பெரிது: 3.28க்கு 1.44. ஏர் இந்தியா ஓட்டிய 747-200 வகை 3.53க்கு 2.98. ஏ380 3.64க்கு 3.99. இந்தக் கடைசி அளவை ஒருமுறை மனதுக்குள் அறையில் வைத்துப் பாருங்கள். இறக்கை நான்கு மீட்டர். மின்விசிறியைக் கழற்ற வேண்டும், குழல்விளக்கை மாற்ற வேண்டும், புத்தக அலமாரியையும் நகர்த்த வேண்டும்.

ஏ380ஐ இங்கேயே விட்டுவிடலாம். 2005 ஏப்ரல் 27இல் முதன்முதலாகப் பறந்து, 2007 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பயணிகளை ஏற்றிச் சென்று, வாங்கியவர்களுக்கு 251 விமானங்கள் கொடுத்ததோடு தயாரிப்பு நின்றுபோனது அது. உள்ளே உட்கார்ந்தவர்கள் அதன் அமைதியைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த அமைதியை மாதிரியில் காட்ட வழியில்லை. அளவைப் பாதியாக்கி 1:40இல் செய்தால் இரண்டு மீட்டருக்குள் அடங்கும், ஆனால் பிரம்மாண்டம்தான் அதன் அடையாளம். அதையே குறைத்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறது?

இடையில் யாராவது சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற பழைய புரொப்பெல்லர் விமானத்தைப் பற்றி ஆரம்பிப்பார்கள். மூன்று வால் வைத்த அழகி, மறுப்பதற்கில்லை. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948 ஜூன் 8இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் பயணம் போனது இதற்கு முந்தைய கான்ஸ்டலேஷனில், 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானத்தில். ஆனால் அதன் உடல் பெரும்பாலும் மீனைப் போல வளைந்தது, ஓர் இடத்துக் குறுக்களவு பல இடங்களில் அடுத்த இடத்தில் இருக்காது. குழாயை வெட்டிச் செருகும் வேலை இதில் நடக்காது, அங்குலம் அங்குலமாகச் செதுக்க வேண்டும். இரண்டாவது மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

கீழிருந்து பார்க்கும் கண்

இடமில்லாத அறையில் மாதிரி தரையில் நிற்காது, கூரையிலிருந்துதான் தொங்கும். தொங்கினால் பார்ப்பவர் பார்ப்பது அடிவயிற்றை. பெரும்பாலான குழுக்கள் மறந்துபோவது இதைத்தான், முடிவையே மாற்றுவதும் இதுதான்.

747இன் அடையாளம் முன்பக்கத்து மேல்திமில். அந்தத் திமிலுக்குள் ஏறிய சுழல் படிக்கட்டைப் பற்றி அதில் பறந்த தலைமுறை இன்னும் பேசும். கீழிருந்து பார்த்தால் திமில் மறைந்துவிடும். தெரிவது நான்கு எஞ்சின் தொங்கும் ஒரு பெரிய விமானம், அவ்வளவுதான். கான்கார்டுக்கு நேர் எதிர். அதன் முக்கோண இறக்கையின் வளைகோடு கீழிருந்து பார்த்தால்தான் முழுதாக விரியும். சின்னப் பிள்ளைகூட ஒரே பார்வையில் பெயர் சொல்லும். ஆகவே 747 வேண்டும் என்றால் கண்ணுயரத்தில் பீடம் போட்டு நிறுத்துங்கள், அதற்குப் பள்ளிக்கூட மண்டபம் மாதிரி இடம் வேண்டும்.

டியூ-144க்கு வேறு சிக்கல். அது 1968 டிசம்பர் 31இல், கான்கார்டுக்கு இரண்டு மாதம் முன்னால் பறந்தது. ஒலிவேகத்தைத் தாண்டியதிலும் அதுவே முந்தியது. ஆனால் பயணிகளோடு ஓடியது 1977 நவம்பர் முதல் 1978 ஜூன் வரைதான், மாஸ்கோவுக்கும் அல்மா-ஆட்டாவுக்கும் இடையே மொத்தம் 55 பயணங்கள். விமானத்துக்குள் இரைச்சல் அவ்வளவு. பக்கத்து இருக்கைக்காரரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. இதன் தனி அடையாளம் விமானி அறைக்குப் பின்னால் மீசைபோல் விரியும் இரண்டு சின்ன இறக்கைகள். அவை ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே வெளியே வரும், வேகப் பயணத்தில் உள்ளே மடங்கிவிடும். அப்படி மடக்கித் தொங்கவிட்டால் வருகிறவர்கள் எல்லாரும் "கான்கார்டு நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மீசையை விரித்தால் மூக்கைத் தாழ்த்த வேண்டும், லேண்டிங் கியரை இறக்க வேண்டும். பிரதான கால் ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சக்கரம், மூக்குக்கு இரண்டு, ஆக 18 சக்கரம் லேத்தில் கடைய வேண்டும். கான்கார்டுக்குப் பிரதானக் கால்களில் எட்டு, மூக்கில் இரண்டு, வாலடியில் சின்னதாக இரண்டு போதும். பறக்கும் நிலையில் தொங்கவிட்டால் அதுவும் தேவையில்லை.

டியூ-144க்கு ஒரு பெரிய சாதகமும் உண்டு. தயாரிப்பு வகையின் இறக்கை விளிம்பு நேர்க்கோடுகளால் ஆனது, ஓரிடத்தில் மட்டும் கோணம் மாறும். அளவுகோலை வைத்து வெட்டிவிடலாம். முதன்முறை ஃபைபர் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கான்கார்டின் வளைவை ஒருதரம் வெட்டிக் கெடுத்தவர்களுக்குத் தெரியும்.

பொருள் கணக்கு

காசிமேட்டில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மரத்திலோ அட்டையிலோ இதைச் செய்வதில் அர்த்தமில்லை. உள்ளே தெர்மாகோல், மேலே சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு, பாலியெஸ்டர் ரெசின். இரும்புச் சட்டம் தேவைப்பட்டால் பெரம்பூர் ரயில்வே பட்டறைகளில் கைதேர்ந்த வெல்டர்களுக்கா பஞ்சம்?

கான்கார்டின் உடல் அகலம் 2.88 மீட்டர், மாதிரியில் 144 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 140 மி.மீ. பிவிசி குழாய் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு மீட்டர் துண்டு நடுவுடலுக்குப் போதும், மூக்கும் வாலும் மட்டும் தெர்மாகோலில் செதுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: உண்மையான உடல் வட்டமில்லை, அகலத்தைவிட உயரம் அதிகம், 3.32 மீட்டர். வட்டக் குழாயை அப்படியே விட்டால் விமானம் மெலிந்த பென்சில்போல் ஆகிவிடும். அடிவயிற்றில் 25 மி.மீ. தடிமன் தெர்மாகோல் பட்டை ஒட்டி, பக்கங்களில் இழைந்து போகும்படித் தேய்த்தால் 165 மி.மீ. உயரம் வந்துவிடும்.

இறக்கை, வால், எஞ்சின் கூடுகள், மூக்கு எல்லாம் சேர்த்து மேட் ஒட்டும் பரப்பு மூன்றரைச் சதுர மீட்டருக்குள் அடங்கும். மேட் இரண்டேகால் கிலோ. ரெசின் மேட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு. வீணாவதையும் சேர்த்து ஏழு கிலோ வாங்குங்கள். முடிந்த மாதிரி 15 முதல் 18 கிலோ இருக்கும்.

747க்கு உடல் மட்டுமே 32 செ.மீ. குறுக்களவு. அந்தக் கனத்துக்குக் குழாய் போட்டால் எடை தாங்காது, ஆகவே உடல் முழுக்கத் தெர்மாகோல் வளையங்களை அடுக்கித்தான் செய்ய வேண்டும். மேட் பரப்பு ஏழு சதுர மீட்டரைத் தாண்டும், ரெசின் இரட்டிப்பாகும். இதைவிடத் தொல்லை இறக்கைதான். உடலிலிருந்து பக்கத்துக்கு 1.3 மீட்டர் நீண்டு, அதில் இரண்டு எஞ்சின் வேறு தொங்கும். உள்ளே 25 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாயை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊடுருவ விடாவிட்டால் இரண்டு கோடைக்குள் நுனி தொய்ந்துவிடும். கான்கார்டின் இறக்கை உடலோடு சேருமிடத்தில் 27 மீட்டருக்கு மேல் நீளம். மாதிரியில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர். நீளமான வேரும் குட்டையான வீச்சும் இருப்பதால் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். தடிமனும் அந்த நீளத்தில் மூன்று சதவீதம்தான். நான்கு செ.மீ. தெர்மாகோல் பலகை வேரிடத்தில் சரியாகப் பொருந்தும், விளிம்புக்குப் போகப் போகச் சரித்துத் தேய்க்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்

தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் ரெசினை நேராகப் பூசினால் பள்ளம் பள்ளமாகக் கரைந்துவிடும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்னும். அதனால் முதலில் ஃபெவிகாலில் நனைத்த பழுப்புத் தாளை இரண்டு அடுக்கு ஒட்டி, ஒரு முழுநாள் காயவிட வேண்டும். ஊசித்துளை இருந்தாலும் அதன் வழியே உள்ளே இறங்கி, மேல்தோல் நன்றாக இருக்க, உள்ளே பொந்து விழுந்துவிடும். விரலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். பாலியெஸ்டருக்குப் பதில் எபாக்ஸி ரெசின் போட்டால் இந்தக் கவலை இல்லை, விலை கூடும். டப்பா ஸ்ப்ரே பெயின்ட்டும் வெறும் தெர்மாகோலை இதேபோல் அரிக்கும்.

கலக்கும் முறை படகுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டை முதலில் ரெசினோடு முழுக்கக் கலந்துவிட வேண்டும், இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கடைசியில்தான். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். கேட்டலிஸ்ட் ஒரு சதவீதம், அதாவது ஐந்து கிராம். மே மாத மதியத்தில் இரண்டு சதவீதம் போட்டால் பூசுவதற்குள் குவளையிலேயே சூடேறிக் கல்லாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் கதை வேறு: ஈரம் குடித்த மேட் ரெசினை உறிஞ்சாது, வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். தை முதல் பங்குனிவரை இந்த வேலைக்கு நல்ல காலம்.

பிவிசி குழாயின் மழமழப்பில் ரெசின் பிடிக்காது. 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். ஆணி, திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்; கடற்காற்று சாதா இரும்பை ஒரே மழைக்காலத்தில் துருவாக்கி வெள்ளைப் பெயின்ட்டின் மேல் பழுப்புக் கண்ணீர் வடிய வைக்கும்.

கான்கார்டில் மட்டும் வரும் தவறுகள் மூன்று. இடது வலது இறக்கைகளைத் தனித்தனியாக வரைவது முதல் தவறு. ஒரு பக்கத்தை மட்டும் சார்ட் பேப்பரில் வரைந்து, அட்டையில் ஒட்டி வெட்டி, அதையே புரட்டிப்போட்டு மறுபக்கத்தை வரையுங்கள். இல்லாவிட்டால் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு அரை செ.மீ. வித்தியாசமும் உறுத்தும். இரண்டாவது, இறக்கையைத் தட்டையாக விடுவது. உண்மையான இறக்கையின் முன்விளிம்பு நுனியை நோக்கிப் போகப் போக மெல்லக் கீழே வளையும். அந்த வளைவு இல்லாவிட்டால் காத்தாடிபோல ஆகிவிடும். மூன்றாவது மூக்கு. ஓடுபாதையில் உருளும்போதும் ஏறும்போதும் 5 டிகிரி, இறங்கும்போது 12.5 டிகிரி தாழும். பயணத்தில் நேராக இருக்கும். மூக்கைத் தாழ்த்திவிட்டு லேண்டிங் கியரை மடக்கி வைத்த மாதிரிகளை நிறையப் பார்க்கலாம். ரசிகர் கண்ணில் அது முதலில் படும்.

எந்த விமானம், எந்த எண்?

"ஒரு கான்கார்டு" என்று பொதுவாகச் செய்யாதீர்கள். கட்டப்பட்டவை மொத்தம் 20, பயணிகளோடு ஓடியவை 14. ஒவ்வொன்றுக்கும் பதிவெண் உண்டு, வரலாறு உண்டு.

நம் ஊருக்கு மிகப் பொருத்தமானது ஜி-பிஓஏடி. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் பாதையைத் தொடங்கின. மூன்று முறை போய்வந்ததுமே இரைச்சல் காரணமாக மலேசியா தன் வான்வழிக்கு அனுமதி மறுத்தது. 1979இல் பாதையை மாற்றி மறுபடி ஓடியது. இந்திய நிலப்பரப்பின் மேல் ஒலிவேகத்தைத் தாண்ட இந்தியாவும் அனுமதிக்கவில்லை. வேகமே போன பின் கான்கார்டுக்கு என்ன பொருள்? 1980இல் அந்தப் பாதை முடிந்தது. அந்தப் பாதைக்காகவே இந்த ஒரு விமானத்துக்கு இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணமும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணமும் தீட்டினார்கள். 1996 பிப்ரவரி 7இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்து சாதனை செய்ததும் இதே விமானம். இன்று நியூயார்க்கில் இன்ட்ரெப்பிட் கப்பல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சிங்கப்பூரில் அண்ணனோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு. இடப்பக்கத்துப் பறவைச் சின்னத்தைக் காட்டினால் கதை தானாக ஆரம்பிக்கும்.

ஏர் இந்தியாவும் ஒரு காலத்தில் இரண்டு கான்கார்டுகளுக்கு முன்பதிவு வைத்திருந்தது. அதை நினைத்து மகாராஜா வண்ணத்தில் கான்கார்டு செய்யச் சிலர் ஆசைப்படுவார்கள். வேண்டாம். பறக்காத ஒன்றைப் பறந்ததுபோல் காட்டினால் பார்க்கும் பிள்ளை அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

வெள்ளை நிறத்துக்கும் காரணம் உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒலியின் இரண்டு மடங்கு வேகத்தில் மூக்கு நுனி 127 டிகிரிவரை சூடாகும், உடலே 15 முதல் 25 செ.மீ. நீளும். வெப்பத்தை வெளியே தள்ளத்தான் அந்த வெண்மை. 1996இல் ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்றுக்குப் பெப்சி விளம்பரத்துக்காக நீலம் பூசியபோது, முழு வேகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி தொட்டால் வெதுவெதுப்பாக இருந்ததையும், அறுபதாயிரம் அடி உயரத்தில் வானம் கருநீலமாகி அடிவானம் வளைந்து தெரிந்ததையும் பயணம் செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த ஜன்னல் உள்ளங்கை அளவுதான். மாதிரியில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. தூரிகையால் வரைந்தால் வரிசை கோணும். ரேடியம் ஸ்டிக்கர் கடையில் கருப்பு வினைலில் ஒரே பட்டையாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

மண்டபம் கிடைத்து 747 என்று முடிவானால் வேறு யோசனையே வேண்டாம். ஏர் இந்தியா தன் ஜம்போக்களுக்குப் பேரரசர்களின் பெயர் சூட்டியது. விடி-ஈபிஎன் என்ற விமானத்தின் பெயர் 'எம்பரர் ராஜேந்திர சோழா'. கடல் கடந்து போன சோழன் பெயரில் ஒரு விமானம் கடல் தாண்டிப் பறந்தது என்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்குக் காட்டக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் மாடத்தைப்போல் சிவப்பு வளைவு உண்டு. அதுவும் ஸ்டிக்கர் வேலைதான், ஒட்டப் பொறுமை வேண்டும். இறக்கை நுனியில் நிமிர்ந்த மடிப்பு வைத்துவிடாதீர்கள், அது பின்னால் வந்த 747-400 வகைக்கு உரியது.

ஆக, பத்தடி அறைக்கு ஜி-பிஓஏடி. பெரிய மண்டபத்துக்கு ராஜேந்திர சோழா. டியூ-144, பீடம் போட இடமும் லேத் வேலைக்கு ஆளும் இருந்து, வளைவு வெட்டப் பயப்படும் குழுவுக்கு.

தூக்கி மாட்டுவது

கான்கார்டை முன்கதவுக்குப் பின்னால், இறக்கை தொடங்கும் இடத்துக்கு முன்னால் இரண்டாகப் பிரியும்படி செய்யுங்கள். குழாய்க்குள் இன்னொரு குழாய்த் துண்டு செருகி இரண்டு போல்ட் போட்டால் போதும். மூன்று மீட்டரை ஒரே துண்டாக வைத்தால் படிக்கட்டுத் திருப்பத்தில் நிச்சயம் மாட்டும். பிரித்து ஒருக்களித்துப் பிடித்தால் இரண்டரை அடிக் கதவில் நுழையும். பட்டறையிலிருந்து கொண்டுவர ஒரு மீன்பாடி வண்டி போதும், இறக்கை விளிம்புக்குப் பழைய போர்வை சுற்றிவிடுங்கள்.

இரண்டு பக்க வண்ணமும் தெரிய வேண்டும் என்பதால் சுவரோரம் ஒட்டித் தொங்கவிட முடியாது. பாதி இறக்கை 64 செ.மீ.; உடலின் நடுக்கோடு சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், மூக்கு வாசலைப் பார்த்து இருக்கட்டும். விசிறிச் சிறகு இறக்கைக்கு மேலே ஒன்றரை அடிக்குள் வந்தால் காற்றில் மாதிரி ஓயாமல் ஆடி, கம்பி அறுக்கும்.

கூரை கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட் நான்கு. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் செங்கல்லில் துளைபோடவே கூடாது. சுண்ணாம்புக் காரையில் போல்ட் இன்றைக்குப் பிடிக்கும், அடுத்த மழையில் கழன்றுவரும். தேக்கு உத்திரத்தைத் தேடி அதைச் சுற்றி இரும்புப் பட்டை வளைத்துப் போடுங்கள். மாதிரியை ஏற்றும் முன் அதே கொக்கிகளில் 40 கிலோ மணல்மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு முழுநாள் பாருங்கள். உத்திரத்தில் பட்டை பதிந்த இடத்தில் விரிசல் இல்லை, கொக்கி நகரவில்லை என்றால் மூட்டையை இறக்கிவிட்டு விமானத்தை ஏற்றலாம்.